அருள்புரம் சுற்றி வீட்டுக்கு வந்தவனுக்கு

கருப்பட்டி,

இந்தப் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டு ஐந்து மாதம் ஆகிறது. உன் அப்பா வைத்த பேர். ஆஸ்பத்திரியில் உன்னைத் துணியோடு வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏ, இது நம்ம ஊருக் கருப்பட்டியில்ல" என்று சொன்னவர், கடைசிவரை உன் நல்ல பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டதே இல்லை. பெரிய பள்ளிக்கூடம் போனபோது நீ கோபித்துக்கொண்டாய், கடைக்கு வருகிற பிள்ளைகள் முன்னால் அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று. அன்றிலிருந்து கடையில் தம்பி, வீட்டில் கருப்பட்டி. நான் ஐந்தாவதோடு நின்றவள். பருப்பு டப்பாக்களின் மேல் பேர் எழுதி ஒட்டிய கைக்கு, மகனுக்கு என்ன எழுதுவதென்று பிடிபடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். உன் தங்கச்சி என்னிடம் ஒரு பதில் கேட்டிருக்கிறாள். நம் கடை இருந்த இடத்தில் வந்திருக்கிற அந்தப் பெரிய மளிகைக் கடையில், நீ வேலை பார்த்த அதே கடையில், பில் போடுகிற வேலைக்குப் போகட்டுமா என்று கேட்கிறாள். திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அவளுக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. மகனுக்குக் கடிதம் எழுதுகிற தாய்மார் புத்தி சொல்லுவார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. நான் செய்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தச் சந்து. இப்போது பழைய ஆட்கள் யாரைப் பார்த்தாலும், அந்தக் காலத்தில் நம் சந்து எப்படி இருந்தது தெரியுமா என்று கண்ணைத் துடைக்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், யாரோ ஒரு முதலாளியின் பஞ்சுக் குடோனைத் தடுத்துத் தடுத்துப் போட்ட இருபது சொச்சம் கடைகள். மேலே தகரம். நாலு மழை பெய்தால் முழங்கால் அளவுக்குச் சாக்கடை. எலி கடித்த மூட்டையைத் திருப்பிப்போட்டு, கடித்த பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி வைப்போம். சனிக்கிழமை சாயங்காலம் பனியன் கம்பெனிகளில் சம்பளம் போட்டதும் சந்துக்குள் ஆள் நுழைய முடியாது. உன் அப்பா தெரிந்த முகத்துக்கு முதலில் எடை போடுவார். ஒடிசாப் பையன்கள் ஒரு மணி நேரமாக நிற்பார்கள். "ஏக் மினிட், ஏக் மினிட்" என்று சொல்லிச் சொல்லியே அவர்களைக் கடைசிக்குத் தள்ளுவார். கம்பெனிப் பொம்பளைப் பிள்ளைகள் நாப்கின் வாங்க வந்தால் அப்பா அந்தப் பக்கம் போகிறவரை நின்று, என் காதில் வந்து சொல்லும். நான் அதை மூன்று காகிதத்தில் சுற்றி, மேலே பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்துக் கட்டிக் கொடுப்பேன், ஏதோ திருட்டுச் சாமானைக் கொடுக்கிற மாதிரி. இதுதான் நம் கடை. ஆனால் அதுதான் சோறு போட்டது. உன்னையும் உன் தங்கச்சியையும் படிக்க வைத்தது. தெற்கேயிருந்து ஒரு தகரப் பெட்டியோடு இந்த ஊருக்கு வந்து இறங்கிய இரண்டு பேரை, நாலு பேர் அண்ணாச்சி, அக்கா என்று கூப்பிட வைத்தது.

குடோன் முதலாளியின் பேரப்பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள் என்று தெரிந்தபோது அப்பா பயப்படவில்லை. வாங்கினவர்கள் இடித்துவிட்டு நாலு மாடி கட்டப்போகிறார்கள், கீழே ஒரு பெரிய மளிகைக் கடை வருகிறது, ஆனால் சந்தில் ஓடிக்கொண்டிருக்கிற கடைகளுக்குப் பக்கவாட்டில் தெருவைப் பார்த்த மாதிரி ஆளுக்கொரு கடை கட்டித் தருவார்கள் என்று கடைக்காரர்கள் சங்கத்தில் பேசி முடித்திருந்தார்கள். ஒரு நாள் வந்து எண்ணுவார்கள். ஷட்டர் திறந்து வியாபாரம் நடக்கிற கடை, ஓடும் கடை. மூடிக் கிடந்தால் அது வெறும் குடோன் என்று தள்ளிவிடுவார்கள். ஏனென்றால் பத்து வருஷமாகப் பூட்டிப் போட்டவர்களெல்லாம் எனக்கும் ஒன்று என்று வரிசையில் நின்றார்கள். அப்பா அந்த எண்ணுகிற நாளுக்காகக் கடைக்குச் சாயம்கூட அடித்தார். எண்ண வருவதற்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், சர்க்கரை மூட்டையின் மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் சங்கத் தலைவர் நம் வீட்டுக்கு வந்தார். உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், நீதான் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டாய். துக்க வீடு என்பதால் வாசலோரமே உட்கார்ந்துகொண்டார். உன் பெரியப்பா ஊரிலிருந்து வந்தவர், பதினாறு முடிகிறவரை இருந்து எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்வதாகச் சொல்லி, கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார். தலைவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஏனுங்க தங்கச்சி, இன்னைக்கு மத்தியானம் எண்ண வராங்க. ஒரு மணி நேரம் தொறந்து வெச்சீங்கன்னா போதுமுங்க. மூடுன கடைய நான் எப்படிங்க ஓடுதுன்னு எழுதச் சொல்றது? மத்தவங்க என்னையக் கேப்பாங்கல்ல."

அவர் போனதும் நீ என் முன்னால் வந்து உட்கார்ந்தாய். மொட்டையடித்த தலையில் முடி முள்முள்ளாக வந்திருந்தது. சாவி அப்பா படத்துக்குக் கீழே விளக்குப் பக்கத்தில் இருந்தது. நீயாக எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. என்னிடம் கேட்டாய். "அம்மா, யாவாரம் பண்ணலை. ஷட்டரைத் தூக்கி லைட்டைப் போட்டுட்டு நிக்கிறேன். எண்ணிட்டுப் போனதும் இறக்கிடறேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா பாயில் படுத்தபடியே சொன்னார்: "வாய்க்கரிசி காயலை, அதுக்குள்ள கல்லாவுல உக்காரணுமாக்கும். நல்ல பிள்ளையப் பெத்துருக்கான் என் தம்பி."

நான் உன்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "காரியம் முடியட்டும்யா" என்றேன். நீ மறுபடி கேட்டாய். நான் மறுபடியும் அதையே சொன்னேன். இத்தனை நாளாக, போனவருக்குச் செய்கிற மரியாதை அது என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உன்னிடம் பொய் சொல்லக் கூடாது. அப்பாவை நினைத்து நான் அதைச் சொல்லவில்லை. அவர் இருந்திருந்தால், எந்திரிச்சுப் போய்த் திறடா என்றுதான் சொல்லியிருப்பார். பதினாறாம் நாள் வருகிற சொந்தக்காரர்கள், புருஷன் போன ஒன்பதாம் நாளே கடையைத் திறந்தவள் என்று ஊருக்குப் போய்ச் சொல்லுவார்களே என்ற பயம்தான். அந்தச் சொந்தக்காரர்கள் காரியம் முடிந்த அன்றைக்கே சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். பதினேழாம் நாள் நானும் நீயும் போய் ஷட்டரைத் தூக்கினோம். பக்கத்துக் கடைகளின் சுவர்களில் வெள்ளைச் சுண்ணாம்பால் எண் போட்டிருந்தது. நம் சுவரில் ஒன்றுமில்லை. நீ அதைத் தடவிப் பார்த்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கருப்பட்டி. கேட்காமல் விட்டதை எத்தனை நாள் சுமப்பது?

இடிக்க இரண்டு நாள்தான் ஆயிற்று. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். நான் பனியன் கம்பெனிக்குப் பிசிர் வெட்டப் போனேன். தைத்து வருகிற சட்டையில் துருத்திக்கொண்டு நிற்கிற நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் வெட்டி எடுக்கிற வேலை. நாள் முழுக்கக் குனிந்த தலை. மற்ற பெண்களெல்லாம் என்னைவிட இளவட்டம். "கடைக்காரக்கா, ஒரு கிலோ சிரிப்புப் போடுங்க" என்று கேலி பண்ணுவார்கள். நீ டவுனுக்குத் தெற்கே அருள்புரத்தில் ஒரு பனியன் யூனிட்டில் சேர்ந்தாய். உன்னோடு படித்த யூசுப்தான் கூட்டிப்போனான். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. சந்தைப் பற்றி வீட்டில் நாம் பேசவே இல்லை. பேசாவிட்டால் அது இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன்.

பிறகு அந்தக் கடை திறந்தது. பலூன் கட்டி, வாழை மரம் வைத்து, டவுன் முழுக்க நோட்டீஸ் கொடுத்து. எங்கள் கம்பெனியில் வேலை முடிந்ததும் பெண்களெல்லாம் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஏசி, தள்ளுவண்டி, மாடிக்குப் போகத் தானாக நகருகிற படி. நான் போகவில்லை. பக்கத்துத் தெருவில் நடக்க வேண்டி வந்தால்கூடச் சுற்றிப் போவேன். திறந்து ஒரு மாதம் இருக்கும். கூட வேலை செய்கிற ஒருத்தி, உன்னை அந்தக் கடை வாசலில் பார்த்ததாகச் சொன்னாள். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் நீ வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றவிடாமல் கேட்டேன். நீ, "சும்மா பார்க்கப் போனேம்மா" என்றாய். கொஞ்சம் பொறுத்து, "அங்க ஆள் எடுக்கறாங்க. ஊடு ஊடாப் போய்ச் சாமான் குடுக்கற வேலை. இந்த டவுன்ல எந்தச் சந்துல எந்த ஊடுன்னு எனக்குத் தெரியாததா?" என்றாய்.

நான் பேசியதை இங்கே முழுக்க எழுத மாட்டேன். அந்தக் கடையில் போய் நிற்பது அப்பா நெஞ்சில் ஏறி மிதிக்கிற மாதிரி என்று சொன்னேன். அந்தச் சட்டையைப் போட்டால் என் முகத்தில் விழிக்காதே என்று சொன்னேன். அது போதாது என்று, உன் கையைப் பிடித்து இழுத்து என் தலையில் வைத்து, போக மாட்டேன் என்று சத்தியம் பண்ணு என்றேன். உன் தங்கச்சி அடுப்படியிலிருந்து, "விடும்மா" என்றாள். நீ சத்தியம் பண்ணினாய். உடனே பண்ணினாய். நான் சமாதானமாகிவிட்டேன். தோசை ஊற்றிக்கொடுத்தேன், நாலு தின்றாய்.

அதற்குப் பிறகு ஏழு மாதம். மற்றவர்களுக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது என்பது உன் துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. நம் கடையில் சாமான் வாங்கிய சரசக்கா, முட்டி வலியால் படி இறங்காதவர், ஆட்டோ பிடித்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தம்பிதானுங்க எனக்கு அரிசி கொண்டாந்து, டிரம்முல கொட்டி, மூடிய மூடிட்டுப் போகும். மத்த பசங்க வாசல்லயே போட்டுட்டுப் போயிருவாங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு சொல்லுச்சுங்க, நானும் சொல்லாம இருந்துட்டேன்" என்றார். இப்படி ஒவ்வொருவராக. நம் பழைய வாடிக்கை அத்தனை பேரும் அந்தக் கடைக்கு மாறியிருந்தார்கள், அத்தனை பேர் வீட்டுக்கும் நீதான் சாமான் கொண்டு போயிருக்கிறாய். எனக்கு அப்போது கோபம் வரவில்லை. உனக்காகப் பொய் சொல்ல இத்தனை பேர் இருந்தார்கள், உண்மையைச் சொல்ல என்னிடம் மட்டும் உன்னால் வர முடியவில்லை. அதுதான் குத்தியது.

நீ போன அந்தச் சாயங்காலத்தைப் பற்றி ஒன்று மட்டும் எழுதுகிறேன். பல்லடம் ரோட்டில், அருள்புரம் தாண்டி டவுனைப் பார்த்து வருகிற வழியில், தூறலில், லாரி என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் உன் துணிகளைக் கொடுத்தார்கள். உன் மேலே இருந்தது நீ காலையில் போட்டுப்போன கட்டம் போட்ட சட்டைதான். வண்டிப் பெட்டியில் இருந்ததாகச் சொல்லி இன்னொன்றையும் அந்தப் பையில் போட்டிருந்தார்கள். பச்சைப் பனியன் சட்டை, மார்பில் அந்தக் கடைப் பேர். எனக்கு முதலில் புரியவில்லை. யாருடையதோ மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். உன் தங்கச்சி அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "அண்ணனோடதும்மா" என்றாள். தோள் தையலில் ஒரு பிசிர் நீட்டிக்கொண்டிருந்தது. நான் பல்லால் கடித்து எடுத்தேன். ஏன் அதைச் செய்தேன் என்று தெரியாது. அந்த நேரத்தில் என் கைக்கு வேறு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

உன் வேலை டவுனுக்குள். நம் வீடு டவுனுக்கு வடக்கே. நீ ஏன் தெற்கே அருள்புரத்திலிருந்து வந்துகொண்டிருந்தாய் என்று யாருக்கும் விளங்கவில்லை. மூன்றாம் நாள் யூசுப் வந்தான். அவன் அறையில்தான் உன் மற்ற இரண்டு பச்சைச் சட்டைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. யூனிட்டில் ஆர்டர் குறைந்து உன்னை நிறுத்தி எத்தனையோ நாள் ஆகியிருந்ததாம். வேலை முடிந்ததும் தினமும் டவுனிலிருந்து அவன் அறைக்குப் போவாய், சட்டை மாற்றுவாய், பத்து நிமிஷம் உட்காருவாய், திரும்ப டவுன் வழியாக வீட்டுக்கு வருவாய். மாற்றுச் சட்டையைக் கடையிலேயே வைத்திருக்கலாமே, துவைக்க வேறு இடமா இல்லை என்று நான் அவனைக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நானும் கேட்டேனுங்க அம்மா. உங்ககிட்ட அருள்புரத்துல வேலைன்னு சொல்லியிருக்கானாமா. ஒரு நாளைக்கு ஒருவாட்டியாச்சும் அருள்புரம் வந்துட்டுப் போனா, அது முழுப் பொய்யா இருக்காதுன்னு சொல்லுவானுங்க."

கருப்பட்டி, நான் உன் வயதில் எத்தனையோ பொய் சொன்னவள். எலி கடித்த மூட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பியவள். என் வயிற்றில் பிறந்த நீ, ஒரு பொய்யைப் பாதியாக்குவதற்காகத் தினமும் அவ்வளவு தூரம் போய் வந்திருக்கிறாய். அந்த ரோட்டில் உனக்கு வேறு எந்த வேலையும் இல்லை. என் வாய்தான் உன்னை அங்கே அனுப்பியது.

உன் அத்தை பதினாறாம் நாளன்று, என் காதில் கேட்கிற மாதிரியே பேசினாள், பெற்றவள் தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் சும்மா விடுமா என்று. பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டே சொன்னாள். நான் மனதுக்குள் கேட்டேன்: மீறினால் யார் தலையில் கை வைத்தானோ அந்தத் தலைதானே போக வேண்டும்? இதோ, என் தலை கழுத்து மேலேதானே இருக்கிறது? இன்னொன்றும் அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கடை மேனேஜர், கண்ணாடி போட்ட சின்ன வயதுக்காரர், உன் சாமான்களைக் கொடுக்க வீட்டுக்கு வந்தார். கடை திறந்த முதல் வாரத்திலேயே நீ சேர்ந்துவிட்டாய் என்று பெருமையாகச் சொன்னார். அப்படியானால் என் தலையில் கை வைத்த அன்றைக்கு நீ ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்தாய். மறுநாள் காலையிலும் அங்கேதான் போனாய். முதலில் இது எனக்கு வலித்தது. இப்போது யோசித்தால், நீ அந்தச் சத்தியத்துக்குக் கொஞ்சமும் பயப்படவில்லை என்று ஆறுதலாக இருக்கிறது. இந்தக் கிழவியின் தலைக்கு இதனாலெல்லாம் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துதான் கை வைத்திருக்கிறாய். உனக்கு ஒரு பிள்ளை பிறந்திருந்தால் நான் இந்தப் புத்தியைத்தான் சொல்லியிருப்பேன்: பிள்ளையிடம் எதை வேண்டுமானாலும் கேள், சத்தியம் மட்டும் கேட்காதே. கேட்டால் பிள்ளை உன் வீட்டுக்கு வருகிற வழியை நீயே நீளமாக்குகிறாய். இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு இனி நான் என்ன செய்வது?

இப்போது உன் தங்கச்சி. படிப்பு முடிந்து ஆறு மாதமாக வீட்டில்தான் இருந்தாள். உன் காரியம் முடிந்ததிலிருந்து என்னைத் தனியே விடாமல் காவல் காத்தாள். போன வாரம் அந்த மேனேஜர் அவளுக்கு போன் செய்திருக்கிறார், பில் கவுண்டரில் ஆள் வேண்டும், அண்ணன் இடத்தில் தங்கச்சி என்று நினைத்துக்கொள்கிறோம் என்று. அவள் அதை என்னிடம் மறைக்கவில்லை. சோறு தின்றுகொண்டிருக்கும்போதே சொன்னாள். நான் கையை உதறிக்கொண்டு எழுந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"அண்ணன் ஒளிஞ்சு ஒளிஞ்சு போச்சு. நான் சொல்லிட்டுப் போறேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு, நான் வீட்டுல இருந்துக்கறேன். ஆனா என் கையப் புடிச்சு உன் தலையில மட்டும் வெக்காதம்மா."

உன் தங்கச்சிக்கு இப்படிப் பேச எங்கே தெரிந்தது? சின்னதில் ஒரு மிட்டாய் வேண்டுமென்றால்கூட உன்னைத்தான் தூது அனுப்புவாள். நான் கையைக் கழுவிக்கொண்டு, திங்கட்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தும், இந்தக் கடிதத்தை இதுவரை எழுதியும் ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்துத் தெருவைச் சுற்றாமல், நேராக அந்தக் கடைக்குப் போனேன்.

வாசலில் ஒருவர் என் துணிப்பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார். உள்ளே மார்கழி மாதத்து அதிகாலை மாதிரி குளிர். நம் கடை எங்கே இருந்திருக்கும் என்று தேடினேன். மேற்குப் பக்கம் டீக்கடை, அதற்கு அடுத்து வளையல் கடை, அதற்கு அடுத்து நாம்; அப்படி எண்ணிக்கொண்டே நடந்தேன். பிஸ்கட் அடுக்கில் ஆரம்பித்து சோப்பு அடுக்குக்கு வந்து, அங்கேயிருந்து எண்ணெய்க்குப் போய்விட்டேன். எந்தப் பக்கம் மேற்கு என்றே தெரியவில்லை. அங்கே ஜன்னல் கிடையாது. பருப்பு அடுக்கைத் தேடிப் போய்ப் பார்த்தேன். கல் இல்லை, வண்டு இல்லை, நம் பருப்பைவிட நல்ல பருப்பு. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. ஒடிசாப் பையன்கள் மூன்று பேர் தள்ளுவண்டியோடு வரிசையில் நின்றார்கள். அவர்கள் முறை வந்ததும் அவர்களுக்குப் பில் போட்டார்கள், யாரும் முந்தவில்லை. ஒரு சின்னப் பெண் நாப்கினை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தேங்காய் எண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்து, போனில் பேசிக்கொண்டே போனாள். எனக்கு அந்தக் கடையைத் திட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. திட்டுவதற்குத்தான் போனேன். பச்சைச் சட்டை போட்ட பையன் ஒருவன் வந்து, "என்ன தேடறீங்கம்மா?" என்று கேட்டான். ஒன்றும் இல்லையப்பா என்றேன். ஒன்றும் வாங்காமல் போகிறவர்களுக்கு எந்தப் பக்கம் வழி என்று கேட்டேன். அவன் கூடவே வந்து காட்டினான்.

வாசலில் டோக்கனைக் கொடுத்துப் பையை வாங்கும்போது, அந்தக் காவல்காரரிடம் உன் பேரைச் சொன்னேன். நல்ல பேரைச் சொன்னேன். அவர் கையில் இருந்த கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, என்னைக் கும்பிட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் தங்கச்சியிடம், போ என்று சொன்னேன். எந்த ரோட்டில் போவாய், எந்த ரோட்டில் வருவாய் என்று மட்டும் கேட்டேன். சொன்னாள். நேர் ரோடு. சட்டையை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு போ, அழுக்கானால் நான் துவைக்கிறேன் என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, அழவும் இல்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைக்கப் போனாள். பயம் எனக்குப் போகவில்லை. அவள் இறங்கிப் போன நிமிஷத்திலிருந்து திரும்பி வருகிறவரை இனி தினமும் எனக்கு இதுதான். ஆனால் எங்கே போகிறாள் என்று தெரிந்து பயப்படுவேன். உன் விஷயத்தில் எனக்கு அந்தப் பயம்கூடக் கிடைக்கவில்லை. ஏழு மாதம் நிம்மதியாகச் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. அடுப்படியில் நின்றுதான் இதை எழுதி முடிக்கிறேன். புளிச்சோறும் உருளைக்கிழங்கும் செய்து அவளுக்கு டப்பாவில் போட்டேன். கம்பெனியில் நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு மிஷினுக்குப் பக்கத்தில் பேப்பர் விரித்து உட்காருவோம், அங்கே எப்படி என்று தெரியவில்லையே என்று, அவளையே மேனேஜருக்கு போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். பில் போடுகிறவர்களுக்கு மாடியில் ஒரு அறை இருக்கிறது, மேஜை நாற்காலி உண்டு என்றாராம். அப்படியே, வண்டியில் போகிற பையன்கள் எங்கே சாப்பிடுவார்கள் என்றும் கேட்கச் சொன்னேன். அவர்கள் வெளியே போகிற வழியில் எங்கேயாவது சாப்பிட்டுக்கொள்வார்கள், அது எங்களுக்குத் தெரியாது என்றாராம். யூசுப்பையும் போனில் கேட்டேன், அவன் அறையில் நீ தண்ணீர்தான் குடிப்பாயாம். சரசக்காவையும் கேட்டேன், உள்ளே வந்து உட்காருப்பா என்றால், நேரமாச்சு என்று ஓடிவிடுவாயாம். ஏழு மாதம், தினமும் காலையில் நான் கட்டிக் கொடுத்தேன். தினமும் கழுவின டப்பாவைத்தான் திருப்பிக் கொண்டு வந்து வைத்தாய். வெயிலிலும் மழையிலும் அந்தச் சோற்றை நீ எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய்?